ரங்கூன் மழையில் தோல் செருப்பும் சுவேட் ஷூவும்: கறை எடுக்கும் முறை

ஆடி மாதத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை இழுத்துப் பாருங்கள், மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். ரங்கூனில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது, ஜூலை ஆகஸ்டில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே அபூர்வம், அலமாரிக்குள் இருக்கிற பெல்ட், பர்ஸ், கைப்பை, தாத்தா காலத்துத் தோல் பெட்டி எல்லாம் அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்ததும் நம் கை நேராக ஈரத்துணிக்கும் சோப்புக்கும்தான் போகும். பாதிப் பொருள் கெட்டுப்போவது அங்கேதான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தம்பி கல்யாணத்துக்கு மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ஷூ அது, வெளிர் பழுப்பு சுவேட், தொட்டால் பூனைக்குட்டி முதுகு மாதிரி இருக்கும். பந்தியில் யாரோ வாளியை இடித்ததில் ஒரு கரண்டி சாம்பார் இடது கால் முனையில் விழுந்தது. “ஐயோ, விடுடா, நான் துடைக்கிறேன்” என்று அம்மா ஈரத்துண்டில் துணி சோப்பைத் தேய்த்துக்கொண்டு ஓடி வந்தார். அழுத்தித் தேய்க்கத் தேய்க்க மஞ்சளாக இருந்த இடம் குங்குமச் சிவப்பாக மாறியது! சோப்பு, சுண்ணாம்பு மாதிரிக் காரப்பொருள் பட்டால் மஞ்சள் சிவக்கும், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கும்போது நாம் பார்ப்பதுதான், ஆனால் அந்த அவசரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்? மறுநாள் ஒரு சலவைக் கடையில் கொடுத்தோம். அவர்கள் முழுசாகத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்து எடுத்தார்கள். திரும்பி வந்தபோது ஷூ அப்பளம் மாதிரி விறைத்துப்போய், ஒரு அளவு சின்னதாகியிருந்தது. தம்பி அதை இன்னொரு முறை போடவே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு எங்கள் வீட்டில் செய்துவருவதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தோல் துணி இல்லை. மாட்டுத் தோலோ ஆட்டுத் தோலோ, அதன் நார்களை அழுகாமல் கெட்டிப்படுத்தத்தான் பதனிடுகிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள், இன்றைக்குப் பெரும்பாலும் குரோமிய உப்பு. பதனிட்ட பிறகு எண்ணெய் ஏற்றுவார்கள், அந்த எண்ணெய்தான் தோலை வளைய வைக்கிறது. முடிந்த தோல் லேசான புளிப்புப் பக்கம் இருக்கும், பிஎச் கணக்கில் 3.5 முதல் 5 வரை. துணி சோப்பு 9, 10 என்று நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. சோப்புத் தண்ணீர் ஊற ஊற எண்ணெய் வெளியே போகும், சாயம் இளகும், காய்ந்ததும் தோல் வெடிக்கும். சூடும் அப்படித்தான். பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது 70, 80 டிகிரிச் சூடு பட்டால் சுருங்கிவிடும், சுருங்கியது திரும்ப விரியாது. ஆகவே கரியடுப்புக்குப் பக்கத்தில் செருப்பைக் காய வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது, உங்கள் கையில் இருப்பது எந்த வகைத் தோல் என்று பார்க்க வேண்டும். வெளியே தெரியாத ஒரு மூலையில், நாக்குக்கு அடியிலோ பையின் உள்மடிப்பிலோ, ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு முத்து மாதிரி நின்றால் மேலே பூச்சு இருக்கிற தோல். அதற்குப் பயம் குறைவு, ஈரத்துணியால் துடைக்கலாம். சொட்டு உள்ளே இறங்கி இடம் கறுத்தால் பூச்சில்லாத தோல், எல்லாவற்றையும் குடித்துவிடும், அதில் மெதுவாகத்தான் போக வேண்டும். வெல்வெட் மாதிரி முடிமுடியாக இருந்தால் சுவேட், அது தோலின் உள்பக்கம். அதே மாதிரி ஆனால் இன்னும் நைசாக, பொடி மணல் தொட்டதுபோல் இருந்தால் நூபக், அது மேல்பக்கத்தையே உரசி எடுத்தது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான், நூபக்கில் கை இன்னும் லேசாக இருக்க வேண்டும். நம் ஊர் வெல்வெட் செருப்பு இந்தக் கணக்கில் வராது, அதன் வாரில் இருப்பது துணி, அதற்கு இங்கே சொல்வது எதையும் செய்யாதீர்கள்.

சரி, மழைக்காலத்து வெள்ளைக்கு வருவோம். வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சணம் இல்லை. மூன்று வெள்ளை உண்டு. சாக்பீஸ் கோடு மாதிரி ஓரம் கட்டி நின்றால் உப்பு, வியர்வையிலிருந்தோ தெருத் தண்ணீரிலிருந்தோ வந்தது, ஈர விரல் வைத்தால் கரையும். மெல்லிய படலமாக, மெழுகு தடவினதுபோல் எங்கும் ஒரே மாதிரி இருந்தால் தோலுக்குள் இருந்த கொழுப்பு மேலே வந்திருக்கிறது. உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்துச் சூடு காட்டினால் மறையும், மென்துணியால் துடைத்தால் முடிந்தது. பொட்டுப் பொட்டாக, உற்றுப் பார்த்தால் பஞ்சு மாதிரி நூல் தெரிந்து, மூடிக் கிடந்த அறை வாசனையும் அடித்தால் அதுதான் பூஞ்சணம். உப்புக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர், ஒரு பங்கு தண்ணீர், துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள், அவ்வளவுதான்.

பூஞ்சணத்துக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. பொருளை வீட்டுக்குள் தட்டாதீர்கள், தட்டினால் அந்தத் தூள் மற்ற எல்லாவற்றிலும் போய் உட்காரும். பால்கனிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய், மூக்கில் மாஸ்க் போட்டுக்கொண்டு, இதற்கென்றே வைத்திருக்கிற பிரஷால் உலர்வாகவே துலக்குங்கள். தையல் ஓரம், வார் மடிப்பு, ஷூ நாக்கின் அடிப்பக்கம், இங்கெல்லாம்தான் அது ஒளிந்திருக்கும். அப்புறம் மருந்துக் கடையில் கிடைக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம பங்கு கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, வெளியே மட்டுமில்லாமல் உள்ளேயும் துடைக்க வேண்டும். எந்தக் கரைசலையும் முதலில் தெரியாத மூலையில் போட்டுப் பார்த்து, சாயம் துணியில் ஏறுகிறதா என்று கவனித்த பிறகே தொடருங்கள். ஆல்கஹால் பக்கத்தில் அடுப்பு, ஊதுவத்தி, மெழுகுவத்தி எதுவும் எரியக் கூடாது. மின்சாரம் போன நேரத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே போடுகிற தகட்டையும் கயிற்றையும் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். நிழலில், காற்று வருகிற இடத்தில் 2, 3 நாள் காய வேண்டும். அலமாரிப் பலகையையும் அதே கரைசலால் துடைக்காமல் ஷூவை மட்டும் துடைத்து உள்ளே வைத்தால் அடுத்த வாரமே திரும்பப் பூக்கும், நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். பிளீச்சிங் தண்ணீர் தோலில் கூடவே கூடாது, நிறத்தையும் நாரையும் சேர்த்துத் தின்றுவிடும்.

எண்ணெய்க் கறைக்கு வேண்டியது பொறுமை மட்டும். அத்தோ நூடுல்ஸில் ஊற்றுகிற பூண்டு எண்ணெயோ மொய்ங்கா மீன்சூப் மேலே மிதக்கிற எண்ணெயோ சொட்டினால், டிஷ்யூவை மேலே வைத்து ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். தண்ணீர் பக்கமே போகக் கூடாது. சோளமாவையோ வாசனை இல்லாத டால்கம் பவுடரையோ கறை மறைகிற அளவுக்குக் குவித்துப் போட்டு, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் பார்த்தால் மாவு கட்டி கட்டியாக, கொஞ்சம் நிறம் மாறியிருக்கும். அது குடித்த எண்ணெய்தான் அது. மென்மையாகத் துலக்கிவிட்டு, கறை தெரிந்தால் புது மாவு போடுங்கள், இரண்டு மூன்று ராத்திரி ஆகலாம். வீட்டில் எப்போதும் இருக்கிறதே என்று கடலைமாவை எடுக்க வேண்டாம், அதற்கே நிறமும் எண்ணெயும் உண்டு. பூச்சில்லாத தோலில் சின்னச் சொட்டு என்றால் ஒன்றும் செய்யாமல் விட்டாலே சில நாளில் பரவி மங்கிப்போவதும் உண்டு, ஏனென்றால் தோலுக்குள் ஏற்கெனவே எண்ணெய் இருக்கிறது.

சாம்பார், மீன்குழம்பு மாதிரி மஞ்சள் சேர்ந்ததற்கும் முதல் வைத்தியம் இதே மாவுதான். எண்ணெய் போன பிறகு மஞ்சள் நிறம் நிற்கும். அதற்குச் சோப்பு, சமையல் சோடா இரண்டும் வேண்டாம், எங்கள் வீட்டுக் கதை ஆகிவிடும். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கக்கூடியது. அதனால் காலை இளவெயிலில் அரைமணி, முக்கால் மணி, நான்கைந்து நாள் வைத்து எடுங்கள். வெயிலே கூடாது என்று சொல்கிற நான் இதற்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன், அதுவும் பொருள் உலர்ந்திருந்தால்தான், உச்சிவெயிலில் இல்லை.

வெற்றிலைக் கறையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் அது தப்பவே தப்பாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்போம், முன் சீட்டுக்காரர் துப்புவார், காற்று அதை நம் பைமேல் கொண்டுவந்து போடும். பாக்குச் சாறு சுண்ணாம்பு பட்டுச் சிவக்கிறது, அதோடு கடைக்காரர் இலையில் தடவுகிற காசுக்கட்டியும் சேர்கிறது. காசுக்கட்டி லேசுப்பட்ட சரக்கு இல்லை. பர்மாக் காட்டு மரத்திலிருந்து காய்ச்சி எடுத்து ஒரு காலத்தில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள், அங்கே அதைச் சாயம் போடவும் தோல் பதனிடவும் பயன்படுத்தினார்கள். அதாவது தோலோடு ஒட்டிப்பிடிக்கவே பிறந்த சரக்கு நம் தோல் பைமேல் விழுகிறது! அதனால் இதில் மட்டும் வேகம் வேண்டும். காய்வதற்குள் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பூச்சுள்ள தோல் என்றால் ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துணியில் தொட்டு, கறையின் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றிக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு ஒற்றுக்கும் துணியின் புதுப் பக்கம். வினிகர் சுண்ணாம்பை அடக்கும், சிவப்பு இறங்கும். மிச்சம் இருக்கிற பழுப்புக்கு ஒரு கிண்ணம் தண்ணீரில் 2 சொட்டுக் குழந்தை ஷாம்பு போட்டு அதன் நுரையால் மட்டும் துடைத்து, பிறகு வெறும் ஈரத்துணியால் துடையுங்கள். சுவேட்டில் விழுந்து காய்ந்துவிட்டது என்றால் முதலில் பிரஷ், அப்புறம் ரப்பர், கடைசியில் அந்த வினிகர்த் தண்ணீர். வெளிர்நிறத்துப் பூச்சில்லாத தோலில் ஒரு வாரம் ஊறிய வெற்றிலைக் கறை வீட்டு வைத்தியத்தில் முழுசாகப் போகாது. அதற்கு ஆல்கஹாலும் சோப்பும் மாற்றி மாற்றிப் போட்டுத் தோலைக் கொல்வதைவிட, ஷூ ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து ஒரு படி அடர்ந்த நிறம் ஏற்றிவிடலாம்.

தனகாக் கறை இதற்கு நேர் மாறு, சாதுவானது. கன்னத்தில் பூசிய பிள்ளை நம் தோளில் சாய்ந்து தூங்கினால் கைப்பை வாரில் ஒட்டும், அவ்வளவுதான். அது அரைத்த மரப்பட்டைதான், எண்ணெய் கிடையாது. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் குழைந்து துளைகளில் இறங்கும். காய விடுங்கள், பொடியாகும், துலக்கினால் உதிரும். சேறும் இதே கதைதான். மழைக்காலத் தெருச் சேறு சுவேட்டில் தெறித்தால் வீடு வருகிற வரைக்கும், ஏன், மறுநாள் வரைக்கும்கூட, கை வைக்காதீர்கள்.

சுவேட்டைத் துலக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சுவேட் பிரஷ் இல்லையென்றால் பழைய, மென்மையான பல் பிரஷ் போதும், ஆனால் பற்பசை சுவடு இல்லாமல் கழுவிக் காய வைத்தது. முதலில் ஒரே திசையில், முடி படிந்திருக்கிற பக்கமாக, மேல்தூசியை இறக்குங்கள். பிறகு கறைமேல் மட்டும் முன்னும் பின்னும் குட்டிக் குட்டியாக. அடிபட்ட முடி எழும்பி, அந்த இடம் சுற்றியிருக்கிற இடத்தைவிட ஒரு சாயல் வெளுத்துத் தெரியும், அப்போது நிறுத்துங்கள். இறங்காத கறைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர், நிற ரப்பர் வேண்டாம், அதன் சாயம் ஏறும். ரப்பர்த் தூளை ஊதிவிட்டு மறுபடி பிரஷ். எண்ணெயும் மிதியும் ஏறிப் பளபளவென்று வழுக்கையாகிப்போன இடத்துக்கு மிக நைசான உப்புத்தாளை, இரண்டு விரலில் பிடித்து, தடவுகிற மாதிரி நாலைந்து முறை ஓட்டலாம். முடி படுத்தே கிடந்தால் கொதிக்கிற கெண்டி மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு மூன்று நொடி ஆவி காட்டி எடுத்து, உடனே துலக்குங்கள். ஆவி காட்டுவதுதான், நனைப்பது இல்லை. சொட்டு விழுந்து வட்டம் வட்டமாக நீர்க்கறை இருந்தால் அந்த வட்டத்தை மட்டும் துடைக்கப் போகாதீர்கள், இன்னொரு பெரிய வட்டம்தான் வரும். தெளிப்பானால் அந்தப் பக்கம் முழுவதையும் தையலிலிருந்து தையல் வரை லேசாக ஒரே சீராக ஈரமாக்கி, வெள்ளைத் துணியால் ஒற்றி, உள்ளே வெள்ளைத் தாள் திணித்து, ஒரு நாள் நிழலில் விட்டுத் துலக்குங்கள், ஓரம் மறைந்துவிடும். செய்தித்தாள் வேண்டாம், மை வெளிர் தோலில் இறங்கும்.

பேனா மை பூச்சுள்ள தோலில் என்றால் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டு, கோட்டின் மேல் மட்டும் ஒற்றுங்கள், ஒற்றுக்கு ஒரு புதுக் குச்சி. குச்சியில் மைக்குப் பதிலாகத் தோலின் நிறம் வர ஆரம்பித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், பூச்சு கரைகிறது என்று அர்த்தம். பூச்சில்லாத தோலில் மையைத் தொடாமல் விடுவதே நல்லது. ரத்தம் என்றால் குளிர்ந்த தண்ணீர் மட்டும், வெந்நீர் பட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். மெழுகும் சூயிங்கமும் ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேலே வைத்தால் கல்லாகும், நகத்தால் தட்டினால் பெயரும்.

பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரை முதல் நாளும் ஒட்டியே வருவதால், புதுச் செருப்புப் போட்டுக் கோவிலுக்குக் கிளம்பினால் தெரு முனைக்குள் தொப்பலாக நனைவது நிச்சயம். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, வெயில் நன்றாக அடிக்கிறதே என்று மாடியில் வைப்போம். ஏப்ரல் வெயில் 37 டிகிரி வரை ஏறும், தகரக் கூரைமேல் அதைவிட எவ்வளவோ அதிகம். நனைந்த தோலை அங்கே வைத்தால் மாலையில் வளைந்த பலகையைத்தான் எடுப்பீர்கள். துணியால் ஒற்றி, தாள் திணித்து, 2 மணி நேரத்துக்கு ஒரு தரம் தாளை மாற்றி, நிழலில் வையுங்கள். முழுசாகக் காய்வதற்குக் கொஞ்சம் முன்னால், தொட்டால் சில்லென்று இருக்கும்போதே, நிறமில்லாத ஷூ கிரீமை மெல்லிசாகத் தடவிவிட்டால் தோல் மடங்கும் இடத்தில் வெடிக்காது. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். பளபளப்பு ஒரு வாரம் நன்றாகத்தான் இருக்கும், பிறகு சிக்கு வாடை அடிக்கும், நிறம் கறுக்கும், மழைக்காலத்தில் பூஞ்சணத்துக்கு நாமே சோறு போட்ட மாதிரி ஆகும். சுவேட்டுக்குக் கிரீமும் கிடையாது, எண்ணெயும் கிடையாது.

எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பழைய தலையணை உறையில் போடுங்கள், காற்று போய்வரும். அலமாரி மூலையில் உலர்ந்த அடுப்புக்கரியைத் துணிப்பையில் கட்டி வைத்தால் மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன்னால் முடிந்த ஈரத்தை இழுக்கும், 2 வாரத்துக்கு ஒரு தரம் வெயிலில் காய வைத்துத் திரும்ப வையுங்கள். 10 நாளுக்கு ஒருமுறையாவது எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றாட விட வேண்டும், போட்டு நடந்தால் இன்னும் நல்லது. அப்புறம், பகோடாவுக்கு, அதாவது புத்தர் கோவிலுக்குப் போகும்போது செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோவோம் இல்லையா, மழை நாளில் அந்தப் பை அப்படியே வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், மூன்றாம் நாள் அவிழ்த்தால் உள்ளே ஒரு காடு இருக்கும். வாசலிலேயே அவிழ்த்து, செருப்பை வெளியே எடுத்து, சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு உள்ளே வாருங்கள்.